டபுள் கெப்

"கெப் ஒண்டு எடுக்கப் போறன் அண்ணை. வாற சனி பாக்கப் போவம். நீங்களும் வாங்கோ."

வாமதேவன் இதைச் சமையலறை வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்று சொன்னான். பரமேஸ்வரன் வேலைக்குப் போகச் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"உண்மையாவோ தம்பி?"

"ஓம். கனநாளா யோசிச்சுக்கொண்டிருந்தது. இனி எடுத்திடுவம்."

"சரி," என்றார் அண்ணன். மூக்கை உறிஞ்சினார். சளி பிடித்திருக்கிறது என்று வாமதேவன் நினைத்தான்.

அவன் வளர்ந்த காலத்து யாழ்ப்பாணத்தில், பின்னால் திறந்த பெட்டி வைத்த பிக்கப் வாகனத்தைக் கெப் என்றுதான் சொல்வார்கள். இரண்டு கதவென்றால் சிங்கிள் கெப், நான்கு கதவென்றால் டபுள் கெப். லண்டனுக்கு வந்த பிறகு அலுவலகத்தில் பிக்கப் என்று சொல்லப் பழகினாலும், வீட்டில் தமிழில் பேசும்போது வாயில் வருவது கெப்தான். பரமேஸ்வரன் அவனுக்குப் பல வருடங்கள் மூத்தவர். அந்த வாகனங்கள் ஊர் வீதிகளில் நிறைய ஓடத் தொடங்கும் முன்பே ஜேர்மனிக்குப் போனவர். கெப் என்ற சொல்லை அவர் முதலில் கேட்டதே லண்டனில்தான். இங்கே கெப் என்றால் காசுக்கு ஆள் ஏற்றி ஓடும் கார்.

அண்ணன் ஜேர்மனியிலிருந்து வந்து மனோர் பார்க்கில் தம்பியின் வீட்டு மேல்மாடிச் சின்ன அறையில் குடியேறி நான்கு வருடமாகிறது. அண்ணி இறந்த பிறகு தனியே இருக்க வேண்டாம் என்று வாமதேவன்தான் கூப்பிட்டான். கூப்பிட்டபோது மனதாரத்தான் கூப்பிட்டான். பரமேஸ்வரன் ஒரு பொதிக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை செய்தார். முழங்கால் வீங்கும் நாட்களில் படியில் பக்கவாட்டாக இறங்குவார். ஏதோ சோதினைக்குப் படிக்கிறார் என்று ஒருமுறை மனைவி குமுதினி சொன்னாள். பிறகு, பாஸ் பண்ணிவிட்டாராம், இனி மினிகெப் ஓடலாமாம் என்றும் சொன்னாள். நல்லது என்றான் வாமதேவன். ஓடுவதற்குக் கார் எங்கே என்று அவன் கேட்கவில்லை. அண்ணனும் எதையும் கேட்கிற ஆளில்லை.

வாமதேவனுக்கு வேண்டியிருந்தது வேறு. போன கோடையில் ஸ்கொட்லாந்தில் ஓர் ஏரிக்கரையில் ஒரு பிக்கப்பைப் பார்த்தான். பின்பெட்டிக்குள் ஒரு சின்ன அறையைத் தூக்கி வைத்திருந்தார்கள். ஓடும்போது கூரை தணிந்து கிடக்கும். நிறுத்திய இடத்தில் துணிச் சுவர்களோடு கூரை மேலே எழும்பும். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி. பொப்-அப் கேம்பர் என்றார் அதன் சொந்தக்காரக் கிழவர். அவரும் மனைவியும் ஏரியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். அந்தப் பேசாமை வாமதேவனைப் பிடித்துக்கொண்டது. அவனும் குமுதினியும் வீட்டில் பேசாமல்தான் இருந்தார்கள். ஆனால் அது மேல்மாடியில் ஒருவர் இருக்கிறார் என்பதற்காக அடக்கிய பேச்சு.

அங்கிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து ஓய்ந்த நேரமெல்லாம் பிக்கப் வீடியோக்கள்தான். பெரிய அமெரிக்கப் பிக்கப் இந்தத் தெருவில் திரும்பாது. சிறியது கேம்பரின் பாரத்தைத் தாங்காது. நடுத்தர அளவு, டீசல், லண்டனுக்குள் புகை வரி வராத புது எஞ்சின். அதுவரை தெளிவு. டபுள் கெப்பா, எக்ஸ்ட்ரா கெப்பா என்பதில்தான் நின்றான். டபுள் கெப்பில் பின்னால் மூன்று பேர் வசதியாக இருக்கலாம், பெட்டி கட்டை. அந்தக் கட்டைப் பெட்டிக்கும் கேம்பர் செய்கிறார்கள், கொஞ்சம் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். எக்ஸ்ட்ரா கெப்பில் பெட்டி நீளம். பின்னால் மடக்கி வைக்கும் சின்ன ஆசனங்கள் இரண்டு, பைகள் வைக்கத்தான் சரி.

கேம்பரைப் பற்றி அண்ணனிடம் அவன் சொல்லவில்லை. சொன்னால் ஆர் ஆர் போறியள் என்ற பேச்சு வரும். ஆனால் வாகனம் பார்க்கப் போகும்போது மூத்தவரைக் கூப்பிடாமல் போகவும் முடியாது. அது மரியாதையில்லை. அதனால் பாதியைச் சொன்னான்.

அந்த வாரம் பரமேஸ்வரன் வழமைக்கு மாறாகப் பேசினார்.

"டீசலோ தம்பி எடுக்கிறாய்?" என்று திங்கட்கிழமை கேட்டார்.

"ஓம் அண்ணை. பாரத்துக்கு டீசல்தான் திறம்."

"இல்லை, லண்டனில இனி டீசலுக்கு விடமாட்டாங்கள் எண்டு கதைக்கிறாங்கள்."

"அது பழசுக்கு. இது யூரோ சிக்ஸ். ஒரு பிரச்சினையும் இல்லை."

அண்ணன் தலையாட்டினார். தம்பி விசாரித்திருப்பான், தனக்கென்ன தெரியும் என்பது போல ஒரு தலையாட்டல்.

புதன்கிழமை சாப்பிடும்போது கேட்டார். "பின்சீற்றில மூண்டு பேர் இருக்கலாமோ?"

வாமதேவன் குமுதினியைப் பார்த்தான். இவள் கேம்பரைப் பற்றிச் சொல்லிவிட்டாள், அண்ணன் தானும் வரலாமென்று எதிர்பார்க்கிறார் என்று நினைத்தான். எரிச்சல் வந்தது, அது முகத்தில் தெரியாமலிருக்கச் சோற்றைப் பிசைந்தான்.

"டபுள் கெப் எண்டால் இருக்கலாம். ஆனால் அது சரிவராது அண்ணை. பெட்டிக்கு இடம் காணாது."

"ஓம் ஓம். பெட்டிக்கு இடம் வேணும்தான்," என்றார் பரமேஸ்வரன். விமான நிலையத்தில் வந்து இறங்கும் ஆட்களின் சூட்கேசுகளை அவர் நினைத்தார். "ஆனால் ஆளும் இருக்கவேணுமெல்லோ?"

"பாப்பம்."

அப்போதே முடிவெடுத்துவிட்டான். எக்ஸ்ட்ரா கெப். இடமில்லை என்று தான் சொல்ல வேண்டியதில்லை. வாகனமே சொல்லிவிடும்.

ரொம்ஃபோர்ட்டுக்கு அப்பால் இருந்த விற்பனை நிலையத்துக்குப் பரமேஸ்வரன் இஸ்திரி போட்ட சேர்ட்டும் கோயிலுக்குப் போடும் கறுப்புச் சப்பாத்துமாக வந்தார். நெற்றியில் திருநீறு. "என்னண்ணை, பொம்பிளை பாக்கப் போறமோ?" என்று வாமதேவன் பகிடி விட்டான். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

விற்பனையாளன் உயரமான வெள்ளைக்கார இளைஞன். வாமதேவன் முன்பே தொலைபேசியில் எல்லாம் பேசியிருந்தான். முற்றத்தில் சாம்பல் நிற எக்ஸ்ட்ரா கெப் ஒன்று கழுவி நிறுத்தியிருந்தது. பக்கத்தில் அதே நிறத்தில் ஒரு டபுள் கெப். இளைஞன் பின்கதவைத் தாழ்த்திப் பெட்டியின் நீளத்தைக் காட்டினான். ஏற்றக்கூடிய பாரத்தைச் சொன்னான். பிறகு ஆங்கிலத்தில் கேட்டான்:

"எத்தனை பேர் பயணம் செய்வீங்கள் சேர்?"

"நானும் மனைவியும் மட்டும்," என்றான் வாமதேவன். சொல்லும்போது குரலைத் தாழ்த்தினான். அண்ணன் வாகனத்தின் மறுபக்கம் நின்றார்.

அவர் அந்தப் பக்கத்துச் சின்னப் பின்கதவைத் திறந்து ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார், இடுப்பைத் திருப்பினார், முழங்கால் முன்னாசனத்தில் இடித்தது. உள்ளே போய்விட்டார், வெளியே வரத்தான் முடியவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்து மூச்சு வாங்க இறங்கி, சேர்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு சுற்றி வந்தார். தம்பியிடம் சொல்லவில்லை. நேரே இளைஞனிடம், ஜேர்மன் வாடை வீசும் ஆங்கிலத்தில் சொன்னார்:

"இது வேண்டாம். கஸ்டமர் ஏற ஏலாது. வயசான கஸ்டமர் எப்படி ஏறுவார்? அந்த நாலு கதவு நல்லது."

"கஸ்டமரா?" என்றான் இளைஞன்.

"மினிகெப். நான்தான் டிரைவர்." சேர்ட் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். பிளாஸ்டிக் உறை போட்ட லைசன்ஸ். புகைப்படத்திலும் அதே சேர்ட். "தம்பி எனக்கு எடுத்துத் தாறார்."

கடைசி வசனத்தைத் தம்பியைப் பார்த்து, கொஞ்சம் தலைசாய்த்துச் சொன்னார். ஒருவரை மற்றவருக்கு அறிமுகம் செய்வது போல.

இளைஞன் அட்டையைப் பார்த்தான், வாமதேவனைப் பார்த்தான். வாமதேவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தான். அந்த வாரம் முழுவதும் அண்ணன் கேட்ட கேள்விகள், டீசல், பின்சீற், பெட்டி, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து வாமதேவனுக்கு வேறு முகத்தைக் காட்டின. அண்ணன் ஒருதரமும் பயணத்துக்கு இடம் கேட்கவில்லை. பிழைப்பைப் பற்றியல்லவா கேட்டிருக்கிறார்.

"மன்னிக்கவேணும் சேர்," என்றான் இளைஞன், பரமேஸ்வரனிடம் மிகவும் மெதுவாக. "லண்டனில் புதிதாக மினிகெப் பதிவதற்கு டீசல் எடுக்கமாட்டார்கள். இவர் கேட்டது கேம்பர் வைக்கிறதுக்கு." கையிலிருந்த திரையைத் திருப்பிக் காட்டினான். பச்சை மலை, ஏரி, கூரை எழும்பிய சின்ன அறை. இரண்டு நாற்காலிகள்.

பரமேஸ்வரன் அந்தப் படத்தை நிறைய நேரம் பார்த்தார். இரண்டு நாற்காலிகளையும் அவர் பார்த்திருப்பார் என்று வாமதேவனுக்குத் தோன்றியது.

"ஓ. கேம்பர்," என்றார். சிரித்தார். "என்ர இங்கிலீசு சரியில்லை."

அண்ணனும் தம்பியும் வீட்டில் கெப்பைப் பற்றிப் பேசியது தமிழில் என்பது இளைஞனுக்குத் தெரியாது. அட்டையைத் திரும்பப் பைக்குள் வைக்கும்போது பிளாஸ்டிக் உறை துணியில் மாட்டிக்கொண்டது. அதை உள்ளே தள்ள அவருக்கு நேரம் எடுத்தது.

வரும் வழியில் வானொலியைப் போட வாமதேவன் கை நீட்டி, பிறகு எடுத்துக்கொண்டான்.

"நான்தான் பிழையா விளங்கிட்டன்," என்றார் பரமேஸ்வரன் சாலையைப் பார்த்தபடி.

"நான் ஒழுங்காச் சொல்லேல்லை அண்ணை."

"நீ கெப் எண்டுதானே சொன்னாய். அதுவும் கெப்தானாம். எனக்கென்ன தெரியும்."

ஒரு சிவப்பு விளக்கில் நின்றார்கள். வாமதேவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு தொடங்கினான். "அண்ணை, உங்களுக்கும் ஒரு கார்..."

"பச்சை விழுந்திட்டுது," என்றார் அண்ணன்.

பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். வாமதேவன் காரை எடுத்தான். வசனம் அங்கேயே நின்றது. அடுத்த விளக்கில் முடிக்கலாம் என்று நினைத்தான். அடுத்த விளக்கு பச்சையாகவே இருந்தது. அதில் அவனுக்கு ஓர் ஆறுதல் வந்ததைத் தானே கவனித்தான்.

மனோர் பார்க் நெருங்கும்போது பரமேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "ஒரு விசயம் தம்பி. கோயிலில சொல்லிப்போட்டன்."

"என்னத்தை?"

"கெப் எடுக்கிறதை. ஐயரிட்ட வாகனப் பூசைக்குப் பேர் நட்சத்திரம் எல்லாம் குடுத்து வைச்சனான். கிருசாந்தனும் பக்கத்தில நிண்டவன்."

கிருசாந்தன் கோயில் அன்னதானத்தில் பரிமாறுகிறவன், மினிகெப் ஓடுகிறவன். அவனுக்குத் தெரிந்தால் ஈஸ்ட் ஹாம் வரைக்கும் தெரியும்.

"நான் இதை எடுக்கேல்லை அண்ணை. விடுவம்."

"விசர்க்கதை கதையாதை." முதல் முறையாகக் குரல் உயர்ந்தது. "நீ விட்டால் ஏன் விட்டதெண்டு கேப்பினம். பேந்து நான் ஆசைப்பட்டு நிண்ட கதை எல்லாம் வெளியில வரும். எடு. எடுத்து, சொன்ன மாதிரிக் கோயிலுக்குக் கொண்டு போ. நானும் வருவன். வராட்டிலும் கதைப்பினம்."

வீட்டில் அண்ணன் மேலே போன பிறகு குமுதினி கேட்டாள். "அவருக்கு நீங்கள் கேம்பரைப் பற்றிச் சொல்லேல்லையே?"

"நீ சொல்லியிருப்பாய் எண்டு நினைச்சன்."

"நீங்கள் சொல்லியிருப்பியள் எண்டு நான் நினைச்சன்." அவள் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். "பொய் ஏனப்பா சொல்லவேணும். நாங்கள் ரெண்டு பேரும் மறந்து விடேல்லை. தெரிஞ்சுதான் சொல்லாமல் விட்டனாங்கள்."

மேலே கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. இருவரும் பழக்கத்தில் குரலை அடக்கினார்கள்.

வந்த வாகனம் எக்ஸ்ட்ரா கெப்தான். முடிவை மாற்ற வாமதேவன் முயன்றான். டபுள் கெப் எடுக்கவா என்று அண்ணனிடமே கேட்டான். "பெட்டிக்கு இடம் காணாது எண்டு நீதானே சொன்னாய்," என்றார் அவர். குத்திக் காட்டும் குரலில்லை. சொன்னதை நினைவு வைத்திருக்கிற குரல். டபுள் கெப்பிலும் கேம்பர் நிற்கும் என்ற உண்மையை அதன் பிறகு எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் புறப்பட்டபோது குமுதினி முன்கதவைத் திறந்து பிடித்தாள். "அண்ணை, நீங்கள் முன்னுக்கு இருங்கோ. நான் பின்னால ஏறுறன்."

"சீலையோட எப்பிடியம்மா ஏறுவீர்? நீர் இரும்." அவர் அதற்குள் பின்னால் ஏறிவிட்டார். மடக்காசனத்தை இறக்கிப் பக்கவாட்டாக உட்கார்ந்து, தேங்காயும் எலுமிச்சம்பழமும் வைத்த தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டார். பழங்கள் உருளாமல் கையால் மூடிப் பிடித்தார்.

கோயிலுக்கு முன் வாகனத்தை நிறுத்தியதும் ஐயர் தண்ணீர்ச் செம்போடு வந்தார். பூசை முடித்து வெளியே வந்த சனம் கொஞ்சம் நின்று பார்த்தது.

"வாங்கோ பரமேஸ்வரன். உங்கட பேர் நட்சத்திரம் எனக்கு ஞாபகம் இருக்கு. அனுஷம்தானே?"

"இல்லை ஐயா. தம்பியின்ர பேருக்குச் செய்யுங்கோ. வாமதேவன், பூரட்டாதி."

தம்பியின் நட்சத்திரத்தை யோசிக்காமல் சொன்னார். அண்ணனுடையது அனுஷம் என்பது வாமதேவனுக்கு அந்த நிமிடம்தான் தெரிய வந்தது.

"என்னண்ணை இது?" கிருசாந்தன் கை துடைத்துக்கொண்டு வந்தான். "கெப் எண்டு சொன்னியள். இதென்ன மண் அள்ளுற சாமானெல்லோ நிக்குது? கஸ்டமரைப் பின்னால குந்த வைச்சோ கொண்டு போகப் போறியள்?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பரமேஸ்வரனும் சேர்ந்து சிரித்தார்.

"அது வேற கதையடா. தம்பி எனக்குக் கெப் எடுத்துத் தாறன் எண்டு ஒற்றைக் காலில நிண்டவன். இந்த முழங்காலோட நாள் முழுக்க ஓட ஏலாது, வேண்டாமெண்டு நான்தான் மறிச்சனான். பிறகுதான் தனக்கு இதை எடுத்தவன்."

கிருசாந்தனின் முகம் மாறியது. வாமதேவனின் தோளில் கை வைத்தான். "இந்தக் காலத்தில இப்பிடி ஒரு தம்பி ஆருக்குக் கிடைக்கும் அண்ணை? குடுத்து வைச்சனீங்கள்."

எல்லோரும் வாமதேவனைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அண்ணன் பொய் சொன்னவராவார், ஏமாந்தவராவார். சொல்லாவிட்டால்? அவன் யோசித்து முடிக்கும் முன்னரே முகம் தன் பாட்டில் சிரித்துவிட்டது. அடக்கமான, பாராட்டை ஏற்றுக்கொள்கிற சிரிப்பு. அது முகத்தில் நின்றதை அவனால் உணர முடிந்தது; இறக்கத்தான் தெரியவில்லை. குமுதினி நிலத்தைப் பார்த்தாள்.

ஐயர் மந்திரம் சொல்லி, சந்தனம் வைத்து, நான்கு சில்லுகளுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். "சரி, எடுங்கோ. பழத்துக்கு மேலால போகட்டும்."

வாமதேவன் வாகனத் திறப்பை அண்ணனிடம் நீட்டினான். "நீங்கள் எடுங்கோ அண்ணை."

சொன்ன பிறகுதான் அதுவும் சனத்துக்கு முன்னால் செய்த செயல் என்பது உறைத்தது. "பாத்தியளோ," என்றாள் யாரோ ஒரு பெண் பின்னால். பரமேஸ்வரன் திறப்பைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். மறுத்தால் நன்றாயிராது. வாங்கிக்கொண்டார்.

அவர் தம்பியைவிட ஒரு சாண் குட்டை. ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. பழங்கள் நசுங்கும் சத்தம் மெல்லக் கேட்டது. வாகனம் அடுத்த வீட்டு வாசல் வரை, ஒரு சிறு உதறலும் இல்லாமல் போய் நின்றது. இறங்கி வந்து திறப்பைத் தம்பியின் கையில் வைத்தார். "நல்லா ஓடுது," என்றார். பிறகு தட்டத்தைத் தூக்கிக்கொண்டு மீண்டும் பின்னால் ஏறினார்.

வாமதேவன் ஓட்டுநர் ஆசனத்தில் உட்கார்ந்தான். பின்னுக்குத் தள்ளக் கையைக் கீழே கொண்டுபோனான். தள்ளத் தேவையிருக்கவில்லை. ஆசனம் அவன் விட்ட இடத்திலேயே இருந்தது. பெடல் எட்டுவதற்கு அண்ணன் ஆசனத்தின் விளிம்பில்தான் தொங்கிக்கொண்டு இருந்திருப்பார். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியையும் அவர் தொடவில்லை. தனக்காக அந்த வாகனத்தில் எதையும் அசைக்கவில்லை.

"போவமே?" என்றாள் குமுதினி.

கண்ணாடியின் ஓரத்தில் அண்ணனின் பாதி முகம் தெரிந்தது. நெற்றியில் புதுச் சந்தனம், ஒரு கண், மடியிலிருந்த தட்டத்தின் விளிம்பு. கொஞ்சம் திருப்பினால் முழு முகமும் தெரியும். வாமதேவன் அதைத் திருப்பவில்லை.